உப்புப் பார்க்காமலே உப்புக் குறைவு என்கிறோம்



நீண்ட பதிவு. இப்போது நேரமில்லாதவர்கள் இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள். வாசிக்காமலே கருத்துச் சொல்லும் நமது பழக்கத்தைப் பற்றித்தான் எழுதப் போகிறோம். ஆகவே முதல் நாலு வரியைப் பார்த்துவிட்டுக் கீழே கொமென்ட் போடப் போகிறவர்கள் தங்களைத் தாங்களே காட்டிக்கொடுக்க வேண்டாம்.

போன மாதம் பிரதான வீதியில் புதிதாக ஒரு சாப்பாட்டுக் கடை திறந்தார்கள். பெயர் வேண்டாம், முதலாளி நம்மில் பாதிப்பேருக்குச் சொந்தக்காரர். திறந்து மூன்று நாளைக்குள் ஊர் வட்ஸ்அப் குழுமத்தில் வந்த விமர்சனங்களை உட்கார்ந்து வாசித்தோம். உண்மையைச் சொன்னால் அசந்துபோனோம். ஒரு தம்பி எழுதியிருந்தார்: பகல் ஒருமுறை போனேன், இரவு ஒருமுறை போனேன், பகல் புரியாணியில் கோழியின் எலும்பு வரைக்கும் மசாலா இறங்கியிருந்தது, இரவுப் புரியாணியில் இறங்கவில்லை, ஆகவே இரவுக்கு அவசரமாக ஊறவைக்கிறார்கள். ஒரு காக்கா வட்டிலப்பத்தைப் பற்றி மட்டும் பத்து வரி எழுதியிருந்தார். கித்துள் கருப்பட்டி என்கிறார்கள், நிறம் மட்டும்தான் கித்துள், வாயில் நிற்பது கருகிய சீனியின் கைப்பு, அதை மறைக்க ஏலக்காயை அள்ளிக் கொட்டியிருக்கிறார்கள். கொத்து அடிக்கும் பையனின் கை நல்ல கை, ரொட்டிதான் பழசு என்றார் இன்னொருவர். குடும்பங்களுக்கென்று திரை போட்ட பக்கத்தில் காற்றாடி இல்லை, பெண்களும் பிள்ளைகளும் வேர்த்து விறுவிறுத்துத்தான் சாப்பிட வேண்டுமா என்று ஒரு சகோதரி கேட்டிருந்தார். மறு வாரமே காற்றாடி பூட்டினார்கள்.

இதற்குப் பெயர்தான் விமர்சனம். போய்ச் சாப்பிட்டார்கள், ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டார்கள், காரணம் சொன்னார்கள், குறையோடு சேர்த்து நிறையையும் சொன்னார்கள், சொந்தக்காரர் என்பதற்காக வாயை மூடவும் இல்லை. தமிழ் பாடத்தில் இதைப் பிள்ளைகளுக்கு ஏற்றிவிட நாங்கள் வருடக்கணக்காகத் தொண்டை கிழியக் கத்துகிறோம். ஊரில் படிப்பை இடையில் விட்டவர் என்று நாம் ஒதுக்கிவைத்த தம்பிக்கு அது புரியாணித் தட்டில் தானாக வருகிறது.

யாரோ ஒருவர் கட்டாயம் எழுதுவார் என்பதால் நாங்களே முந்திக்கொள்கிறோம். நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் எந்த உணவையும் குறை கூறியதில்லை, விரும்பினால் சாப்பிடுவார்கள், விருப்பமில்லாவிட்டால் விட்டுவிடுவார்கள் என்ற ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. காசு வாங்கி விற்கும் கடையின் தரத்தைச் சொல்வது அதில் அடங்குமா என்பதை ஹஸ்ரத்மார்களிடம் விட்டுவிடுவோம். எங்களை உறுத்துவது வேறு. கேள்விப்பட்டதை ஆராயாமல் நடக்க வேண்டாம் என்று ஸூரத்துல் ஹுஜுராத்தின் 6ஆம் வசனம் நமக்குச் சொல்கிறதே, அந்த ஆராய்ச்சியை எல்லாம் நாம் சோற்றுக்கு மட்டும் வைத்திருக்கிறோம்.

கடை திறந்த அதே மாதத்தில் ஊரில் ஒரு நூல் வெளியீடும் நடந்தது. கிறாஅத், வரவேற்புரை, தலைமையுரை, ஒவ்வொரு உரைக்கும் முன்னால் ஐந்து நிமிடம் மேடையில் இருப்பவர்களின் பெயர்ப்பட்டியல். முதற்பிரதியை ஒரு ஹாஜியார் கவரோடு வந்து வாங்கினார், படம் எடுத்தார்கள், கவர் மேசைக்குப் போனது, பிரதி காரின் பின்சீற்றுக்குப் போனது. நயவுரை சொல்ல வந்தவர் “இந்தக் கவிதைத் தொகுதி” என்று மூன்று தடவை சொன்னார். அது சிறுகதைத் தொகுதி. சபையில் ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிக்க வேண்டுமென்றால் அது சிறுகதை என்று தெரிந்திருக்க வேண்டுமே. எழுதியவர் மட்டும் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்தவர்களைக் குறை சொல்ல எங்களுக்குப் பெரிய யோக்கியதை கிடையாது. நாங்களும் ஒருமுறை அணிந்துரையை மட்டும் படித்துவிட்டு இருபது நிமிடம் நயவுரை நிகழ்த்தியிருக்கிறோம். “மண்வாசனை”, “சமூக அக்கறை”, “காத்திரமான படைப்பு” என்ற மூன்று சொற்கள் கையில் இருந்தால் எந்தப் புத்தகத்தையும் பேசி முடித்துவிடலாம். நல்ல கைதட்டல் கிடைத்தது. பொன்னாடையும் போர்த்தினார்கள், இன்னும் அலுமாரியில் இருக்கிறது. சில மாதம் கழித்து அந்தப் புத்தகத்தை உண்மையாகவே வாசித்தபோது நடுவில் ஒரு கதை உயிரை உலுக்கியது. கடற்கரையில் கரைவலை இழுக்கும் ஒரு குடும்பத்தின் கதை. அதைப் பற்றி ஒரு சொல்லும் மேடையில் சொல்லியிருக்கவில்லை. எழுதியவரைத் தேடிப் போய்ச் சொன்னோம். “நீங்க ஒராள்தான் சேர் அந்தக் கதையப் பத்திக் கதைச்சிருக்கிங்க” என்றார். 300 பிரதி அடித்தாராம், மிச்சமெல்லாம் கட்டிலுக்குக் கீழே பெட்டியில்.

ஒரு வட்டிலப்பத்துக்குக் கிடைத்த பத்து வரி அந்த மனிசனின் பத்து வருட உழைப்புக்குக் கிடைக்கவில்லை. 1885இல் சித்திலெப்பை ‘அசன்பேயுடைய கதை’யை எழுதி இந்த நாட்டுத் தமிழ் நாவலுக்கே கால்கோளிட்ட சமூகம் நாம் என்று மேடைக்கு மேடை பெருமை பேசுகிறோம். பேசுகிற நம்மில் எத்தனைபேர் அதை வாசித்திருக்கிறோம்? ஏறாவூரில் பிறந்த ஸர்மிளா ஸெய்யித்தை இணையத்தில் ஏசாத ஏச்சு இல்லை. அவருடைய ‘உம்மத்’ நாவலை முழுதாக வாசித்துவிட்டு அதன் எந்தப் பகுதி பிழை என்று எழுதியவர்களை விரல்விட்டு எண்ணலாம். அவரோடு எங்களுக்கும் எல்லா விடயத்திலும் உடன்பாடில்லை. உடன்பாடு இல்லை என்று சொல்ல நாங்கள் நாவலை வாசிக்க வேண்டியிருந்தது.

படங்களுக்கு வருவோம். நம்மூரில் தியேட்டர் இல்லை, ஆனால் படம் பார்க்காத போனும் இல்லை. படம் பார்ப்பதே கூடாது என்று பேணுதலாக இருப்பவர்களோடு இந்தப் பதிவில் எங்களுக்கு எந்தச் சண்டையும் இல்லை, அவர்களை மதிக்கிறோம். பார்க்காதவர் பார்க்கவில்லை என்று சொல்லட்டும். பார்க்காதவர் அதில் என்ன இருக்கிறது என்று எப்படிச் சொல்வது?

‘ஆடுஜீவிதம்’ வந்த நேரம் ஞாபகம் இருக்கும், 2024. “அரபிகளைக் கேவலப்படுத்த எடுத்த படம், யாரும் பார்க்க வேண்டாம், மற்றவர்களுக்கும் அனுப்புங்கள்” என்று ஒரு குரல் பதிவு எல்லாக் குழுமத்திலும் சுற்றியது. நாங்கள் படத்தையும் பார்த்தோம், பென்யாமின் 2008இல் எழுதிய நாவலின் மொழிபெயர்ப்பையும் வாசித்தோம். பாலைவனத்தில் ஆட்டுப்பட்டியில் அடிமையாகச் சிக்கிக்கொள்ளும் நஜீப் ஒரு முஸ்லிம். அவன் அழுது கூப்பிடுவது அல்லாஹ்வை. அவனை மணல் கடந்து வழிநடத்துகிற இப்றாஹீம் ஆபிரிக்க முஸ்லிம். கடைசியில் அழுக்கும் சடையுமாக வீதியோரம் நிற்கிறவனுக்குக் காரை நிறுத்தி ஏற்றிக்கொண்டு போகிறவர் ஓர் அரபி. குரல் பதிவு போட்டவர் இதில் எதைப் பார்த்தார்? ஒன்றையும் பார்க்கவில்லை, அதுதான் விடயம்.

எங்கள் கருத்தைக் கேட்டால், நாவல் படத்தைவிட மேல். பட்டியில் பேச ஆளில்லாமல் நஜீப் ஆடுகளுக்கு ஊர்க்காரர்களின் பெயரை வைத்துக் கூப்பிடும் இடங்கள் புத்தகத்தில்தான் நெஞ்சை அடைக்கிறது. படத்தில் பாலைவன நடை நீண்டுவிட்டது, கேமரா மணலின் அழகில் கொஞ்சம் மயங்கிவிட்டது என்றும் தோன்றியது. பிருத்விராஜ் உடம்பை வருத்தியதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இதெல்லாம் எங்கள் அபிப்பிராயம், பார்த்தவர்கள் மறுக்கலாம். எங்கள் பக்கத்து வீட்டுக் காக்கா தொண்ணூறுகளில் சவூதியில் ஆடு மேய்த்தவர். மகனின் போனில் பாதி பார்த்தார். “தண்ணித்தொட்டி அப்படித்தான் கிடக்கும்” என்றார், எழும்பி முற்றத்துக்குப் போய்விட்டார், மிச்சத்தைப் பார்க்கவில்லை. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பாத வீடு இல்லாத ஊர் இது. அவரை உட்காரவைத்து “என்ன நடந்தது காக்கா?” என்று கேட்க அந்தப் படம் ஒரு சாட்டாக இருந்திருக்கும். குரல் பதிவு அந்தக் கதவை இழுத்துச் சாத்திவிட்டது.

2025இல் ‘டூரிஸ்ட் பேமிலி’ வந்தது. நெருக்கடியில் நொந்து இந்தியாவுக்குப் படகேறும் நமது நாட்டுக் குடும்பத்தின் கதை. சிரித்தோம், ஓரிடத்தில் கண்ணும் கலங்கியது. ஆனால் தமிழ்நாட்டு சினிமாக்காரர்களுக்கு இலங்கைத் தமிழ் என்றால் ஒரே ஒரு தமிழ்தான், அதுவும் அவர்கள் காதில் விழுந்த யாழ்ப்பாணத் தமிழ். வாப்பா, ராத்தா என்று கூப்பிடும் கிழக்கிலங்கை முஸ்லிமின் பேச்சு எந்தத் திரையிலும் கேட்கவில்லை. நாம் கோபப்பட வேண்டியது இதற்குத்தான். இதற்கு ஒருவரும் குரல் பதிவு போடவில்லை.

பார்க்காமல் தீர்ப்புச் சொல்வது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. முஸ்தபா அக்காத் எடுத்த ‘தி மெசேஜ்’, அரபியில் ‘அர்-ரிஸாலா’. நம்மில் நாற்பதைத் தாண்டியவர்கள் அனேகம்பேர் வீடியோ கசெட்டில் பார்த்திருப்போம். ஹம்ஸா ரழியல்லாஹு அன்ஹு அவர்களின் பாத்திரத்தில் அன்ரனி குயின் நடித்தார். நபியவர்களின் உருவமோ குரலோ படத்தில் எங்குமே இல்லை. கேமராவே அவர்களின் பார்வையாக இருக்கும், எதிரில் நிற்பவர்கள் கேமராவைப் பார்த்துப் பேசுவார்கள். ஆனால் அன்ரனி குயின் நபியாக நடிக்கிறார் என்று ஒரு வதந்தி கிளம்பியது. 1977 மார்ச்சில் வொஷிங்டனில் 12பேர் துப்பாக்கியோடு மூன்று கட்டடங்களுக்குள் புகுந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்களைப் பணயமாகப் பிடித்தார்கள். தலைவரின் குடும்பம் முன்பு கொல்லப்பட்டிருந்தது, அந்த ஆத்திரம்தான் முதற்காரணம். ஆனாலும் கோரிக்கைகளில் ஒன்று, இந்தப் படத்தை நிறுத்து என்பது. ஓர் இளம் வானொலிச் செய்தியாளர் சுடப்பட்டு இறந்தார். கடைசியில் எகிப்து, பாகிஸ்தான், ஈரான் தூதுவர்கள் போய்க் குர்ஆனை முன்வைத்துப் பேசித்தான் ஆட்களை மீட்டார்கள். எந்தப் படத்தை நிறுத்தச் சொன்னார்களோ அதே படத்தை இன்று முஸ்லிம் வீடுகளில் பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் காட்டுகிறார்கள். அக்காத் 2005இல் அம்மான் ஹோட்டல் குண்டுவெடிப்பில் மகளோடு மரணித்தார். அந்தக் குண்டை வைத்தவர்களும் இஸ்லாத்தின் பெயரைத்தான் சொன்னார்கள்.

அது அமெரிக்கா, நமக்கென்ன என்று யாரும் நினைக்க வேண்டாம். நம்முடைய நாட்டிலேயே, நம்முடைய ஆளுக்கே நடந்தது.

அஹ்னாப் ஜஸீம். நம்மைப் போல ஓர் ஆசிரியர், கவிஞர். 2017இல் ‘நவரசம்’ என்று ஒரு கவிதைத் தொகுதி போட்டார். 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைது செய்தார்கள். அந்தக் கவிதைகள் தீவிரவாதத்தைத் தூண்டுகின்றன என்று சொன்னார்கள். தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் புத்தகத்தைத் திறந்து பார்த்துவிட்டு, இவை வன்முறைக்கு எதிரான கவிதைகள் அல்லவா என்று கேட்டார்கள். கேட்டு என்ன? 2021 டிசம்பரில்தான் பிணை கிடைத்தது. 19 மாதம். புத்தளம் மேல்நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது 2023 டிசம்பரில்.

அந்த 19 மாதத்தில் நாம் என்ன செய்தோம்? அரசாங்கத்தைத் திட்டுவது லேசு, திட்டவும் வேண்டும். ஆனால் நமது ஊரில் அந்த நேரம் சொல்லப்பட்டது எங்கள் காதில் இன்னும் நிற்கிறது. “ஏதாவது எழுதியிருப்பான், இல்லாட்டிப் புடிப்பாங்களா?” புத்தகம் மெல்லியது, பிடிஎப் ஆகவும் கைக்குக் கை வந்தது, நமது சொந்த மொழியில் இருந்தது. வாசித்துப் பார்த்துவிட்டு “இதில் அப்படி ஒன்றும் இல்லை” என்று சொல்லக்கூடியவர்கள் இந்த நாட்டில் நாம்தான். நாம் வாசிக்கவில்லை. 2019 ஈஸ்டர் தாக்குதலுக்குப் பிறகு சோதனைக்குப் பயந்து அரபு எழுத்து இருந்த புத்தகங்களை எல்லாம் உரப்பையில் கட்டி ஒளித்தோமே, எங்கள் வீட்டிலும் கட்டினோம், அந்தப் பயம் இருந்தது உண்மை. அதற்காக யாரையும் குற்றம் சொல்ல மாட்டோம். ஆனால் பயந்தவன் பேசாமல் இருக்கலாம். “ஏதாவது எழுதியிருப்பான்” என்று சொல்லத் தேவையில்லை.

அதே 2019இல் சக்திக சத்குமார என்ற சிங்கள எழுத்தாளரை ஒரு சிறுகதைக்காக ஏப்ரல் முதல் ஓகஸ்ட் வரை உள்ளே வைத்திருந்தார்கள். முறைப்பாடு செய்தவர்கள் பிக்குமார். இந்த வியாதி நமக்கு மட்டும் உரியதல்ல என்று சொல்ல இதை எழுதுகிறோம், ஆறுதலுக்காக அல்ல.

இப்போது வகுப்பறை. இதை எழுதத் தொடங்கியதற்குக் காரணமே அதுதான். தரம் 11 பிள்ளைகளிடம் ஒரு சிறுகதையைக் கொடுத்து, பிடித்ததா பிடிக்கவில்லையா, ஏன் என்று ஒரு பக்கம் எழுதச் சொன்னோம். 34 பிள்ளைகளில் 20க்கும் மேல் “இக்கதையில் ஆசிரியர் சமூக அவலங்களைத் தத்ரூபமாகச் சித்திரித்துள்ளார்” என்று தொடங்கியிருந்தார்கள். எழுத்துக்கு எழுத்து ஒன்று. ரியூசன் நோட். கதையில் வரும் உம்மாவுக்கு எத்தனை பிள்ளை என்று கேட்டால் தெரியாது. ஒரேயொரு மகள் மட்டும், “எனக்கு இந்தக் கதை பிடிக்கவில்லை, அந்த உம்மா கடைசியில் வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்” என்று நாலு வரி எழுதியிருந்தாள். அதற்குத்தான் அதிக புள்ளி போட்டோம். அடுத்த நாள் வேறொரு பிள்ளையின் வாப்பா வந்தார். மகன் ஒரு பக்கம் நிறைய எழுதியிருக்கிறான், நாலு வரிக்காரிக்கு எப்படி சேர் கூட? அவருக்கு விளங்கப்படுத்திப் பார்த்தோம். கதையை நீங்கள் ஒருமுறை வாசித்துப் பாருங்கள் என்று தாளையும் நீட்டினோம். “எனக்கெங்க சேர் நேரம்” என்று எழும்பிப் போனார். வட்டிலப்பத்துக்குப் பத்து வரி எழுதிய காக்கா இவர்தான் என்பதையும் சொல்லிவிடுகிறோம், அவர் கோபிக்க மாட்டார், கோபித்தாலும் பரவாயில்லை.

பிள்ளை எங்கே கற்றுக்கொண்டது? மேடையில் வாசிக்காமல் நயந்த எங்களிடமும், பார்க்காமல் குரல் பதிவை அனுப்பிய வாப்பாவிடமும்தான். பரீட்சையில் அது புள்ளியோடு போகும். நாளைக்கு எவனாவது ஒரு தாளை நீட்டி, இவன் இதை எழுதினான், இவள் அதைச் சொன்னாள் என்று சொல்லும்போது அந்தப் பிள்ளை தாளை வாங்கி வாசிக்குமா, வாசிக்காமலே தலையாட்டுமா?

ஆகவே சில விடயங்களை வெளிப்படையாகவே கேட்கிறோம். நூல் வெளியீடு வைப்பவர்கள் நயவுரைக்கு ஆளைக் கூப்பிடும்போது ஒரு மாதத்துக்கு முன் புத்தகத்தைக் கொடுங்கள், அரசியல்வாதியைக் கூப்பிடுவதானால் உரையே வேண்டாம், தேநீர் மட்டும் கொடுத்து அனுப்புங்கள். ஹாஜியார்மார் முதற்பிரதிக்குக் கொடுக்கும் கவரில் பாதியைக் கழித்து, அதே புத்தகத்தில் 20 பிரதி வாங்கி ஊர்ப் பாடசாலைகளுக்குக் கொடுங்கள். எழுதுகிறவர்கள் ஊர்க்காரன் என்பதற்காக இலவசப் பிரதி கேட்பவர்களை முகத்துக்கு நேரே மறுத்துவிடுங்கள். ஒரு குடும்பப் புரியாணியின் விலைக்குள் இரண்டு புத்தகம் வாங்கலாம். குழுமங்களின் அட்மின் தம்பிமார், “பார்க்க வேண்டாம்”, “வாசிக்க வேண்டாம்” என்று வரும் குரல் பதிவுக்குக் கீழே “நீங்கள் பார்த்தீர்களா?” என்று ஒரே ஒரு கேள்வி போடுங்கள், அதற்குமேல் வாதாட வேண்டாம்.

எங்கள் பங்குக்கு ஒன்று செய்கிறோம். வருகிற போயா தினம் அஸருக்குப் பிறகு பொது நூலகத்தில் கூடுகிறோம். தலைமை கிடையாது, பொன்னாடை கிடையாது. எடுத்துக்கொள்வது ஒரே ஒரு கதை, எஸ்.எல்.எம். ஹனீபாவின் ‘மக்கத்துச் சால்வை’. ஒரே இருப்பில் வாசித்துவிடலாம். நூலகத்தில் ஒரு பிரதிதான் இருக்கிறது, அங்கேயே இருந்து வாசிக்கலாம், எங்களிடமும் ஒன்று இருக்கிறது, வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்ளுங்கள். சகோதரிகளுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறோம், காற்றாடியும் இருக்கிறது. பிடிக்கவில்லை என்பவர்கள் முதலில் பேசலாம்.

புதுக் கடையில் 50 பெட்டிஸ் சொல்லியிருக்கிறோம். கதையை வாசிக்காமல் வருபவர்களுக்கும் பெட்டிஸ் உண்டு. அவர்கள் பெட்டிஸைப் பற்றி மட்டும் பேசலாம்.